என் பேரில் ஓடிய கார்

எனக்குப் பேய் பயம் கிடையாது. பாம்பைப் பார்த்தால் ஓடாமல் கம்பைத் தேடுகிற ரகம் நான். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரிகள் திடுதிப்பென்று வந்து நின்றாலும் சாக்பீஸைக் கீழே போடாமல் பாடம் நடத்துவேன். அப்படிப்பட்டவளுக்கு, சில வருஷங்களுக்கு முந்தைய ஒரு ஆடி மாசம், போனில் மெசேஜ் வந்தாலே எடுத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. மெசேஜில் பெரிதாக ஒன்றும் இருக்காது. என் கார் கொடைரோடு பக்கத்து டோல்கேட்டைத் தாண்டிவிட்டது என்று இருக்கும், அவ்வளவுதான். கார் என் பேரில்தான் இருந்தது. ஆனால் அதை நான் விற்றுவிட்டிருந்தேன்.

நாங்கள் இருப்பது திண்டுக்கல்லுக்கு வெளியே, சோளக்காடாகக் கிடந்து பிளாட் ஆன ஒரு நகரில். என் டீச்சர் சம்பளத்தையும், மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் என் வீட்டுக்காரர் சம்பளத்தையும் போட்டு, பற்றாததற்கு லோன் வாங்கி, மாடி பூசாமலே குடிபோய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்த வீடு. எங்களுக்கென்று இருக்கிற சொத்து அது ஒன்றுதான். ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்த அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து, வந்திருந்தவர்கள் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் நிலக்கோட்டைப் பக்கம். தினமும் காரில்தான் போய்வருவேன். என் வீட்டுக்காரருக்கு ஓட்ட வராது. ஒரே ஒரு நாள் ஓட்டினார், எங்கள் வீட்டு கேட்டையே இடித்தார். அதோடு சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பாத்து, பாத்து" என்று சொல்வதை மட்டும் தன் வேலையாக வைத்துக்கொண்டார்.

பழைய வெள்ளைக் காரைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பது என்று முடிவானபோது, நிலக்கோட்டை பூக்காரத் தம்பிதான் முதலில் கேட்டார். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கமிஷன் கடை. நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவரிடம்தான் பூ வாங்குவேன். அளந்து தந்த பிறகும் ஒரு கை அள்ளி வைக்கிற மனுஷன். வேனுக்குக் காத்திருந்தே மல்லிகை பாதி வாடிப்போகிறது, சொந்தமாக ஒரு கார் இருந்தால் பின் சீட்டை மடக்கிவிட்டு மூட்டையைப் போட்டுக்கொண்டு பறந்துவிடுவேன் என்றார். பறப்பேன் என்று சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது!

விலை படிந்தது. அப்போது அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்று சொன்னார்.

"டீச்சர், வண்டிய ஆனி கடைசிலயே நல்ல நாள் பாத்து எடுத்துக்கிறேன். பேரு மாத்துறத மட்டும் ஆவணியில வச்சுக்குவோம். ஆடியில போயி நம்ம பேர எழுதுனா வெளங்காதுன்னு வீட்டுல சொல்றாங்க."

நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், எங்களுக்கு ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் எங்கள் சொந்தத்திலும் யாரும் ஆடியில் கல்யாணம் வைக்கிறதில்லை. ஏன் என்று கேட்டால் மண்டபம் கிடைக்கவில்லை என்பார்கள். எதற்கு அவர் மனசை நோகடிப்பது என்று சரி சொன்னேன். பேர் மாற்றுகிற ஃபாரங்களில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் என் வீட்டுக்காரர். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தம்பி காரை எடுத்துக்கொண்டு போனார். டோல்கேட் ஸ்டிக்கரைக் கழற்ற மறந்துபோனோம். அதில் அவரே பணம் போட்டு ஓட்டிக்கொண்டார், மெசேஜ் மட்டும் எனக்கு வந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் மெசேஜ் வந்தால், "பரவால்ல, தம்பி பொழைக்கிறாரு" என்று சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் இன்னொரு வகை மெசேஜ் வர ஆரம்பித்தது. அந்தக் காரின் இன்சூரன்ஸ் முடியப்போகிறது, புதுப்பியுங்கள் என்று. விற்ற வண்டிக்கு எனக்கென்ன வந்தது? வரவர அழித்தேன்.

ஒரு நாள் மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் கணக்கு சார் அன்றைக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அவர் மச்சினன் எப்போதோ விற்ற பைக், யாரோ ஒரு பெரியவரை இடித்துவிட்டதாம். ஓட்டினவனை விட்டுவிட்டு மச்சினனுக்குக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறதாம்.

"வித்துட்டாருல்ல சார்? அவருக்கு எதுக்கு நோட்டீஸ்?" என்று கேட்டேன்.

"வித்தாரு. பேரு மாத்தலையே டீச்சர். ஆர்.சி. புக்குல யாரு பேரு இருக்கோ, சட்டத்துக்கு அவங்கதான் ஓனர். நஷ்டஈடு அவங்க தலையில. வீட்ட ஜப்தி பண்ணுவாங்களோன்னு மாமியா வீட்டுல அழுகுறாங்க."

நான் பிசைந்த சோற்றை அப்படியே மூடினேன். பக்கத்தில் இருந்த தமிழம்மா, "என்ன டீச்சர், வெஞ்சனம் சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஏலம் கூவுகிற சத்தம். "தம்பி, பேரை உடனே மாத்திருவோம்" என்று கத்தினேன். "ஆவணி பொறந்ததும் மொத வேலை அதான் டீச்சர்!" என்று அவரும் கத்திவிட்டு வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, வண்டி நம்பரைப் போட்டால் விவரம் காட்டுகிற ஆப்பில் பார்த்தேன். ஓனர் பேர், நான். இன்சூரன்ஸ், முடிந்துவிட்டது என்று சிவப்பில் இருந்தது.

சேசுவே!

அதன் பிறகு நான் படித்த படிப்பை பி.எட். படிக்கும்போது படித்திருந்தால் கோல்டு மெடல் வாங்கியிருப்பேன். அதுவரைக்கும் இன்சூரன்ஸ் என்றால் எனக்கு பம்பர்தான். இடித்தால் மாற்றித் தருவார்கள், கீறினால் பெயின்ட் அடித்துத் தருவார்கள். சட்டத்துக்கு என் பம்பரைப் பற்றி ஒரு கவலையும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நம் வண்டியை நாம் இன்சூர் செய்யலாம், செய்யாமலும் விடலாம். நம் வண்டியால் அடிபடுகிற மூன்றாவது ஆளுக்காக எடுக்கிற இன்சூரன்ஸைத்தான் சட்டம் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. அது இல்லாமல் வண்டி ரோட்டில் உருளவே கூடாது. உருண்டால் அபராதம், ஜெயில்கூட உண்டு. ஆள் அடிபட்டாலோ செத்தாலோ, அவர் வயசு என்ன, என்ன சம்பாதித்தார், அவரை நம்பி எத்தனை பேர் என்று பார்த்துக் கோர்ட்டு ஒரு தொகை போடும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் ஓனர் கட்ட வேண்டும். விற்ற பதினாலு நாளுக்குள் நான் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவித்திருக்க வேண்டுமாம். நான் ஆடிக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வீடு போயிரும்ங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"ஏம்மா, இன்னும் ஒண்ணும் நடக்கல. நீயா எதையாச்சும் நெனச்சுக்கிட்டு..."

"நடந்த பெறகு நெனைக்கிறதுக்கு என்ன இருக்கு? பொட்டிய கட்ட வேண்டியதுதான்."

அவர் எழுந்து போய் கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். ஜப்தி பண்ணுகிறவன் கேட்டைப் பார்த்தா திரும்பிப் போவான்? அவருக்குத் தெரிந்தது அதுதான், பாவம்.

மறுநாளிலிருந்து காலை மெசேஜ் எனக்கு எமன் ஓலை ஆகிவிட்டது. வந்தால், ஐயோ வண்டி ரோட்டில் இருக்கிறதே என்று பயம். வரத் தாமதமானால், ஐயோ எங்கேயோ எதன் மேலோ ஏறிவிட்டதே என்று பயம். பூ வண்டி ஓட்டுகிறவர்களை அந்தப் பக்கத்து ரோட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடுகிற சரக்கை வைத்துக்கொண்டு யாரும் நிதானமாகப் போக மாட்டார்கள். வளைவிலும் ஹாரனை மட்டும் அடிப்பார்கள், பிரேக்கை மிதிக்க மாட்டார்கள். ரோட்டோரமாகப் பால் கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறவர், நூறு நாள் வேலைக்கு வரிசையாக நடந்து போகிற பொம்பளைகள், பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகள், யாரைப் பார்த்தாலும் எனக்கு என் பழைய கார்தான் ஞாபகம் வந்தது. இவரா, இல்லை அவரா என்று மனசு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போகும்.

செம்பட்டி தாண்டி ஒரு நாள் காலையில் கூட்டம். வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. யாரோ ஒருவர் ஓடி வந்து, "அக்கா, கொஞ்சம் ஓரங்கட்டுங்க, வண்டி ஒண்ணு கவுந்திருச்சு" என்றார். வெள்ளை வண்டியா என்று கேட்க வாய் வரவில்லை. இறங்கிப் பார்க்கிற தைரியம் இல்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அந்தோணியாரே, யாரு வண்டியா வேணா இருக்கட்டும், என் வண்டியா மட்டும் இருக்கக் கூடாது" என்று வேண்டினேன். கவிழ்ந்தது தக்காளி ஏற்றின டெம்போ. ரோடெல்லாம் சிவப்பாக இருந்ததைப் பார்த்து ஒரு நிமிஷம் என் உயிரே போய்விட்டது. டிரைவருக்குத் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தோணியாருக்கு நன்றி சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.

பயம் முற்றினால் கோபமாக மாறும், எனக்கு அப்படித்தான். இந்தத் தம்பிக்கா தெரியாது? பூ வியாபாரி, நாலு ஊர் போய்வருகிறவர். இன்சூரன்ஸ் முடிந்தது தெரியாமலா ஓட்டுவார்? தெரிந்துதான் ஓட்டுகிறார். ஏதாவது ஆனால் டீச்சர் பேரில் போகட்டும் என்றுதான் ஆடி, ஆவணி என்று நாள் கடத்துகிறார். ஒரு கை பூ அள்ளி வைத்ததெல்லாம் இதற்குத்தானா! இப்படி நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தரம் போன் பண்ணினேன். "பேரை மாத்துங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்சூரன்ஸைப் பற்றி நான் ஏன் ஞாபகப்படுத்த வேண்டும், கள்ளன் அவர்தானே? அவரும், "வாரேன் டீச்சர், ஆவணி ஒண்ணாந் தேதி வாசல்ல வந்து நிப்பேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை, லீவு போட்டுவிட்டு இன்சூரன்ஸ் ஆபீஸுக்கே போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்.

"ஆர்.சி. யார் பேர்ல மேடம்?"

"என் பேர்லதான். ஆனா வித்தாச்சு."

"உங்க பேர்ல இருந்தா உங்க வண்டிதான். கட்டிக்கலாம்."

"வித்த வண்டிக்கு நாம கட்டணுமா?" என்று என் வீட்டுக்காரர் என் காதில் முணுமுணுத்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மனுஷர் பேசாமல் கார்டை எடுத்து நீட்டினார். பேப்பர் கைக்கு வந்ததும் எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

அதையும் அந்தப் பெண் விடவில்லை. "மேடம், பழைய பாலிசி கட்டாகிப் போனதால இது இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேலதான் ஆரம்பிக்கும். அது வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."

"ஒரு நாள்தானே, விடு" என்றார் என் வீட்டுக்காரர், படியிறங்கும்போது.

"என்னிக்கு ஒரு நாள்ங்க? நாளைக்குக் கடைசி ஆடி வெள்ளி! மாசத்துலயே இன்னிக்குத்தான் அம்புட்டுப் பூவும் ஓடும். இன்னிக்குத்தான் அவன் பறப்பான்!"

தம்பிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன், எடுக்கவில்லை. சாப்பிடக்கூடச் செய்யாமல் காரை நேரே நிலக்கோட்டைக்கு விட்டேன். "பாத்து, பாத்து" என்று பக்கத்து சீட்டில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. வழியெல்லாம் எதிரே வருகிற ஒவ்வொரு வெள்ளைக் காரையும் பார்த்தேன். இத்தனை நாள் தப்பித்து, இந்த ஒரு சாயங்காலத்தில் வீட்டைத் தொலைக்கப்போகிறோம் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

கடையில் அவர் இல்லை. வீடு பின் தெருவில் என்றார்கள். தெரு திரும்பியதும் என் பழைய கார் நின்றுகொண்டிருந்தது. பின் கதவு திறந்திருக்க, உள்ளே கூரை முட்ட மூட்டை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி டிரைவர் சீட்டில் ஒரு காலை வைத்துவிட்டார். வாசலில் அவருடைய அக்கா சாக்கை விரித்து உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒரு கால் மடங்காமல் நீட்டியபடி இருந்தது, பக்கத்தில் ஊன்றுகோல்.

நான் காரை நிறுத்திய வேகத்தில் இறங்கிப் போய்க் கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. "என்ன தைரியம் இருந்தா இன்சூரன்ஸ் இல்லாத வண்டிய இத்தன நாளா ஓட்டுவீங்க? எம் பேரு இருக்கு, எம் வீடு இருக்கு, உங்களுக்கென்ன! இடிச்சா டீச்சர் கட்டட்டும்னா?" என்று என்னென்னமோ பேசினேன். வகுப்பில்கூட நான் அப்படிப் பேசினதில்லை.

தம்பி கையை நீட்டி இன்ஜினை அணைத்தார்.

"இன்சூரன்ஸ் இல்லையா டீச்சர்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க!"

"அன்னிக்குக் கேட்டேனே. இன்சூரன்ஸ் இருக்குல்ல டீச்சர்னு கேட்டேன். இருக்குன்னீங்க." அவர் முகம் செத்துப்போயிருந்தது. "ஊருல எம்புட்டோ வண்டி சல்லிசா வந்துச்சு. டீச்சர் வண்டின்னா பேப்பரெல்லாம் சரியா இருக்கும்னுதான் இத வாங்குனேன்."

கேட்டார்தான். கடை வாசலில் வைத்து, பூவை மடித்துக்கொண்டே கேட்டார். நான் இருக்கு என்றேன். அன்றைக்கு இருந்தது. எது வரைக்கும் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆர்.சி. புக்கை மட்டும் வாங்கிப் பையில் வைத்தவருக்கு, முடிகிற தேதி எப்படித் தெரியும்? மெசேஜ் எல்லாம் என் போனுக்கல்லவா வந்தது?

அவர் கார் கதவோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய அக்காதான் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"அவனுக்கு அதுல ஒரு பயம் டீச்சர். என்னைய இடிச்சது ஒரு லோடு ஆட்டோ. பூக்கூடையோட ஓரமாத்தான் போனேன். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லன்னுட்டாங்க. கேஸு நடத்துனோம், ஜெயிச்சோம். தீர்ப்பும் கையில இருக்கு. அந்த ஆளு பேர்ல ஒரு குழி நெலம்கூட இல்ல. எங்கிட்டுப் போய் வாங்குறது? அதுல இருந்து இவன் பஸ்ஸுல ஏறுனாக்கூட இன்சூரன்ஸ் இருக்கான்னு கேப்பான்."

புதுப் பேப்பர் கையில் இருக்கிறது, இன்றைக்கு ராத்திரியிலிருந்து செல்லும் என்று மட்டும் எப்படியோ சொன்னேன். தம்பி தலையை ஆட்டினார். ஆடி வெள்ளி விலை போய்விடும், செத்த நேரத்தில் பூ மலர்ந்துவிடும் என்பதெல்லாம் எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? எழுந்து மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார். வேன்காரருக்குப் போன் பண்ணினார். இடமில்லை, முடிந்ததைப் பார்க்கிறேன் என்று பதில் வந்தது. என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு கூடப் போய் இறக்கினார். நான் மரம் மாதிரி நின்றேன்.

பாதி இறக்கினதும் தம்பி ஒரு மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"இத்தன நாளா ஓட்டியிருக்கேனேக்கா. பள்ளிக்கூடம் விடுற நேரத்துல கூட்டத்துக்குள்ளயே ஓட்டியிருக்கேன். யாரையாச்சும் இடிச்சிருந்தா?"

"விடுலே" என்றார் அக்கா. கட்டிக்கொண்டிருந்த சரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தம்பியைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார், என்னைக் குத்துவதற்கு இல்லை. "யாரையும்தான் இடிக்கலையே. அப்பிடியே இடிச்சிருந்தாலும் டீச்சருக்குச் சொந்த வீடு இருக்கு. அடிபட்டவுக என்னைய மாதிரி வெறும் தீர்ப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாக."

என் வீட்டுக்காரர் தூக்கின மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.